ஏழு செவ்வாய்க்கிழமை வெல்லம்

நம் குவார்ட்டர்ஸை இடிக்கிறார்கள் என்று போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். முன்சுவர் போய்விட்டது, மாடிப்படி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. லேக் கார்டன்ஸில் இனி இடித்து அடுக்குமாடி கட்டுகிற புரொமோட்டர் கை வைக்காத கட்டடம் எது இருக்கிறது, அது கிடக்கட்டும். படத்துக்குக் கீழே உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "கீழே ஹால்ல மீன் தொட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கா? ஒரே ராத்திரியில மொத்த மீனையும் கொன்ன பௌதி?" அதற்குப் பத்தொன்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். அந்தப் பத்தொன்பதில் ஒன்று நான் போட்டது.

படித்தவுடன் கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. எல்லாரும் சிரித்தால் நானும் சிரிக்கிற பழக்கம் எனக்குப் பத்து வயதிலிருந்தே உண்டு. அமுக்கிய பிறகு அந்தக் கட்டைவிரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரலுக்கும் அந்தத் தொட்டிக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே போய்க் காலை வணக்கப் பூப்படம் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

தொட்டியை ஆபீஸ் கிளப் கொடுத்தது. நாமெல்லாம் கேரம் போர்டு வரும் என்று காத்திருந்தோம், நாலடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. மாடிப்படிக்கு அடியில், பிள்ளையார் படம் மாட்டியிருந்த சுவரோரம் அதை வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். கண்ணாடியின் நாலு மூலையிலும் குங்குமம் வைத்தார்கள். பூண்டு சேர்ப்பதற்கே யோசிக்கிற ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் கூடி நின்று மீனுக்குக் கற்பூரம் காட்டியதைப் பேப்பர் போடுகிறவர் பார்த்துவிட்டு, "எப்ப சமைக்கப் போறீங்க?" என்று இந்தியில் கேட்டார். அவரை அடுத்த மாதமே நிறுத்திவிட்டார்கள்.

வாரம் ஒரு வீட்டுக்கு முறை. செகரட்டரி மாமா அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். முறைக்காரர் காலையில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவ வேண்டும். இரண்டு ஏஞ்சல், கறுப்பு மாலி, வாள் மாதிரி வால் நீண்ட சிவப்பு மீன், எல்லாம் மேலே வந்து வாய் திறக்கும். இரண்டு மாதத்தில் கண்ணாடியில் பச்சையாகப் பாசி பிடித்தது. செகரட்டரி மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு வடக்கே மீன் சந்தைக்குப் போய், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் இரண்டு சக்கர் மீன் வாங்கி வந்தார்.

அதை நாம் 'பல்லி' என்றுதான் கூப்பிட்டோம். கறுப்பு உடம்பு, அதில் புள்ளி, மேலே செதில் இல்லாமல் ஓடு மாதிரி ஏதோ. வாய் அடிப்பக்கம். கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொண்டால், வெளியிலிருந்து அந்த வட்டமான வாய் அசைவது தெரியும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனாலும் எல்லாரும் பார்ப்போம்.

"இதுக்குன்னு தனியா எதுவும் போட வேண்டாம்," என்று செகரட்டரி மாமா அறிவித்தார். "பாசியத் தின்னும். மத்ததெல்லாம் தின்னு மிச்சம் விட்டதைத் தின்னும். அது பாட்டுக்குக் கீழ கிடக்கும்."

"அட, சைவ மீனா?" என்றாள் மூன்றாம் மாடி மாமி. எல்லாருக்கும் பரம சந்தோஷம். நம்மவாளுக்கென்றே வந்த மீன் என்று பேசிக்கொண்டார்கள்.

அதே செகரட்டரி மாமா ஞாயிறு தவறாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரால் கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்துவிடுவார். கல்லைக்கூட எடுத்துத் தேய்ப்பார். பாசி தின்ன என்று வாங்கி வந்த மீனின் முன்னால் பாசி ஒரு பொட்டு இல்லாமல் துடைத்துவிட்டு, "பாத்தேளா, சக்கர் வந்தப்புறம் எவ்வளவு சுத்தம்" என்பார். ஒன்பது வீட்டிலும் பட்டதாரிகள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது பௌதிக்கு மட்டும்தான்.

கீழ்வீட்டு அண்ணாவை மறந்திருக்க மாட்டீர்கள், ஆபீஸில் எல்லாருக்கும் இளையவர். காதலித்து வங்காளப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணியை இந்த ஊரில் பௌதி என்பார்கள், நாமும் அப்படியே கூப்பிட்டோம். இருபத்துநாலு வயது இருக்கும். அவள் அப்பாவுக்கு ஊருக்குக் கிழக்கே ஏரிப்பக்கம் மீன் வளர்க்கிற தொழில். தமிழைக் கணவரிடமிருந்து மட்டுமே கற்றுக்கொண்டதால் அவளுக்கு 'நீ' தெரியும், 'நீங்கள்' தெரியாது. செகரட்டரி மாமாவைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டாள். அதற்கு அவர் வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது.

மாமிகள் அவளைத் தள்ளி வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்படி வெளிப்படையாகச் செய்ய நம் அம்மாக்களுக்குத் தெரியாது. கொலுவுக்குக் கூப்பிடுவார்கள், நிலைப்படியிலேயே குங்குமமும் சுண்டலும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிப் பாராயணம் படிப்பார்களே, அது தன் வீட்டிலும் ஒருநாள் நடக்க வேண்டும் என்று பௌதிக்கு ஆசை. அதற்காக ஆறு மாதம் வீட்டில் மீன் சமைக்கவில்லை. ஒரு வங்காளி ஆறு மாதம் மீன் இல்லாமல் இருந்தாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் ஐம்பது வருஷம் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் மாமிகள் இறங்கி வந்தார்கள். "ஆனி மாசம் உன் வீட்டுல வெச்சுக்கலாம்" என்று என் அம்மாவே வாய் விட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் புது ஜமக்காளம், புது விளக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நீங்கள். ஆமாம், நீங்கள்தான். என் வலது கையில் ஒன்பது மரு இருந்தது. கட்டைவிரலில் இருந்தது மிளகைவிடப் பெரிது. கை கோத்து ஆடுகிற எந்த விளையாட்டிலும் என்னைச் சேர்க்கமாட்டீர்கள். தொட்டால் வந்துவிடும் என்பீர்கள். அதைச் சொல்லி நீங்கள் சிரிக்கும்போது நானும் கூடவே சிரிப்பேன், அழுவதைவிட அது தேவலாம். பௌதி மட்டும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் உட்கார வைப்பாள்.

"இதோட பேட் பாரு," என்பாள். பேட் என்றால் வயிறு. "உள்ளே போயிருக்கு, பாரு. கண்ணும் உள்ளே போச்சு. இது பட்டினி."

"அது மிச்சத்தைத் தின்னும்னு மாமா சொன்னாரே."

"எங்கே மிச்சம்? மேலே இருக்கிறவன் எல்லாத்தையும் தின்னுட்டான். கீழே வரவே இல்லை."

அந்தக் கோடையில் லோட் ஷெட்டிங் நினைவிருக்கிறதா? சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனால் ஒன்பதோ பத்தோ. நாமெல்லாம் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவோம். நான் ஓடுவதுபோல ஓடி, கீழே இறங்கிவிடுவேன். சக்கர் மீன் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும், இருட்டில்தான் வெளியே வந்து மேயும் என்று பௌதிக்குத் தெரிந்திருந்தது. அவள் பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, ஆறவைத்து, ஒரு ஸ்பூனில் நூலால் கட்டி எடுத்து வருவாள். ஸ்பூனோடு போட்டால்தான் அடியில் போய் உட்காரும். சில நாள் வெள்ளரிக்காய் வில்லை, சில நாள் சுரைக்காய்த் தோல். மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்ப்போம். முதலில் ஒன்றும் வராது. பிறகு இருட்டிலிருந்து இருட்டு பிரிந்து வந்த மாதிரி ஒன்று நகர்ந்து வந்து கீரைமேல் படுத்துக்கொள்ளும். காதைக் கண்ணாடியில் வைத்தால் சின்னதாகச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் யாராவது தேங்காய் துருவினால் எனக்குத் தொட்டிதான் ஞாபகம் வருகிறது.

கரண்ட் இல்லாவிட்டால் தொட்டியில் காற்று விடுகிற பம்ப் நின்றுவிடும். அதனால் அவள் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பாள். "மூச்சு வேணும் இல்ல?" என்பாள். விடியும் முன்னால் வந்து, தின்றது போக மீந்த கீரை நரம்பை எடுத்து எறிந்துவிடுவாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் போட்டதில் ஒரு இலைகூடத் தண்ணீரில் அழுகியதில்லை. ஒரு மாதத்தில் அந்த இரண்டு மீனுக்கும் வயிறு நிறைந்து வந்தது. செகரட்டரி மாமா பார்த்து, "கவனிச்சேளா, அழுக்கு தின்னே எப்படிக் கொழுத்துடுத்து" என்றார்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

மரு கரைய வேண்டும் என்றால் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெல்லம் கரைகிற மாதிரி மருவும் கரையும். அம்மா ஏழு செவ்வாய் கரைப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டாள். ஊருக்குப் போகவோ அப்பாவுக்கு லீவு இல்லை. பக்கத்தில் அவ்வளவு பெரிய ஏரி இருக்கிறதே என்று அப்பா சொன்னார். "அங்க ஜோடி ஜோடியா உக்காந்துண்டிருக்கும். பொண்ணக் கூட்டிண்டு போற இடமா அது?" என்றாள் அம்மா. ஒருநாள் அவளே விடையும் கண்டுபிடித்தாள். கீழே தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் மீன் இருக்கிறது. மேலே பிள்ளையார் இருக்கிறார், கண்ணாடியில் குங்குமம் இருக்கிறது. இதற்குமேல் குளத்துக்கு என்ன வேண்டும்?

செவ்வாய் விடியற்காலை என்னைக் குளிக்கவைத்து, உள்ளங்கையில் ஒரு வெல்லக் கட்டியை வைத்து மூடுவாள். ஊரிலிருந்து வந்த வெல்லம். இங்கே கிடைக்கிற வெல்லம் சுவாமிக்கு ஆகாது என்பது அவள் கட்சி. "மரு இருக்கற கையாலயே போடணும். யாரும் பாக்கப்படாது. போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வா." நானும் படியிறங்கி, ஸ்டூலில் ஏறி, மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவேன்.

மூன்றாவது செவ்வாய் திரும்பினேன், பௌதி நின்றுகொண்டிருந்தாள். கீரை நரம்பை எடுக்க வந்தவள்.

"என்ன போட்டே?"

"சுவாமிக்கு," என்றேன்.

அவள் கையை விட்டுத் துழாவினாள். அதற்குள் பாதி கரைந்து பழுப்பாக ஒரு புகை மாதிரி அடியில் பரவிவிட்டது. விரலை நக்கிப் பார்த்தாள். "யார் குடுத்தா? அம்மாவா?"

தலையாட்டினேன். என் கையை எடுத்து விரித்து, மருக்களைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"இனிப்பு போட்டா தண்ணி கெட்டுப்போகும். மீனுக்கு மூச்சு நின்னுடும். அம்மாகிட்ட சொல்லு, ஏரியிலே போடலாம், நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ எதுக்குடி பாத்தா? மீன் திங்கற ஜாதி, மீனப் பத்தி நமக்குச் சொல்றாளா? நீ வாயை மூடிண்டு இரு, சொன்னா பலிக்காது." மறு செவ்வாயிலிருந்து என்னை இன்னும் அரைமணி முன்னால் எழுப்பினாள். தண்ணீர் லேசாக மங்க ஆரம்பித்திருந்தது. செகரட்டரி மாமா பாதித் தண்ணீரை மாற்றி, இன்னும் பலமாகத் தேய்த்தார்.

ஆறாவது செவ்வாய் வந்தும் மரு அசையவில்லை. போடுவது போதவில்லை போலிருக்கிறது என்று அம்மா ஒரு முழு உருண்டையைக் கொடுத்தாள். என் கைக்குள் அடங்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் போன கரண்ட் மறுநாள் விடிகிற வரைக்கும் வரவில்லை. புழுக்கம் தாங்காமல் நாமெல்லாம் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தோம். பௌதி அன்று எத்தனை மணிவரை குவளையால் மொண்டு ஊற்றினாள் என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி நான் கீழே போகவில்லை. இரண்டு கையால் போட்டதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

புதன்கிழமை காலை தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருந்தது. அதன்மேல் சக்கர் தவிர எல்லாம் மிதந்தன. ஏஞ்சல் இரண்டும் பக்கவாட்டில் காகிதம் மாதிரி. ஒரு புளித்த வாடை. செகரட்டரி மாமா சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். அந்தக் கலங்கலில் எடுக்காமல் விட்டுப்போன ஒரு ஸ்பூன் வந்தது, கட்டிய கீரை இன்னும் பச்சையாகவே இருந்தது.

"இது யாராத்து ஸ்பூன்?"

ஹாலில் எல்லாரும் இருந்தோம். நீங்களும் இருந்தீர்கள், பல் தேய்க்கிற பிரஷ் வாயிலேயே இருந்தது சிலருக்கு. பௌதி முன்னால் வந்தாள். புடவை முழுக்க நனைந்திருந்தது.

"என்னோடது. நான் பாலங் கீரை போட்டேன். கீழ் மீனுக்கு."

"கீரையாம்," என்றாள் மூன்றாம் மாடி மாமி, என் அம்மாவின் பக்கம் திரும்பி. "கீரையில இப்படியா நாறும்? மீன் தலை, குடல்னு ஏதாவது போட்டிருப்பா."

"மாமி, அவ ஆறு மாசமா மீன் சமைக்கறதே இல்ல," என்றார் கீழ்வீட்டு அண்ணா.

"சமைக்கலன்னா? வாங்காம இருக்காளா?"

செகரட்டரி மாமா கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். அவருக்கு எதையும் முறையாகச் செய்ய வேண்டும். "யாராவது நேர்ல பாத்தவா உண்டா?" என்றார். உடனே உங்களில் யாரோ, யார் என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை, "இவதான் தினம் அங்க போவா" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டீர்கள்.

"பாத்தியாம்மா? பௌதி தொட்டியில ஏதாவது போட்டதைப் பாத்தியா?"

அம்மா எதிரே நின்றாள். குளித்துத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவள் கண்ணை அசைக்கக்கூட இல்லை. அசைக்கத் தேவையும் இல்லை. பௌதி என்னைப் பார்த்தாள். அவள் பயந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கையோடு நின்ற மாதிரிதான் இருந்தது. அவள் பார்வை என் கைக்கு வந்தது. நான் கையைப் பாவாடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"பார்த்தேன்," என்றேன்.

"தினமுமா?"

"தினமும். கரண்ட் போனப்புறம்."

"இருட்டினப்புறம்," என்றார் செகரட்டரி மாமா எல்லாரிடமும். அதற்கப்புறம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என்ன போட்டாள் என்று கேட்டிருந்தால் கீரை என்று சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது.

பௌதி தன் கணவரிடம் வங்காள மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். வெல்லத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கீழ்வீட்டு அண்ணா ஒவ்வொரு மாமியிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "நம்ம போட்டதுனாலயா?"

"நாம போட்டது சுவாமிக்கு," என்றாள். "சுவாமிக்குப் போட்டதுல எப்படிடி மீன் சாகும்?" தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்.

தொட்டியைக் கழுவும்போது சக்கர் இரண்டையும் துப்புரவுக்காரர் வாளியில் எடுத்து வைத்திருந்தார். சாக்கடையில் கொட்டச் சொல்லி உத்தரவு. பௌதி போய் அந்த வாளியை வாங்கிக்கொண்டாள். ஒன்று செத்திருந்தது. மற்றது வாயை அசைத்துக்கொண்டிருந்ததாம். கீழ்வீட்டில் ஒரு அலுமினிய அண்டாவில் அதை வைத்திருந்தாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆனி மாதப் பாராயணம் மூன்றாம் மாடி மாமி வீட்டில் நடந்தது. பௌதியிடம் யாரும் வரமாட்டோம் என்று சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவள் புது ஜமக்காளத்தை விரித்து, விளக்கேற்றி, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லா மாமிகளும் அந்த வாசலைத் தாண்டித்தான் படியேறினார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். பட்டுப் பாவாடை வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஏழாவது செவ்வாய் பாக்கி இருந்தது. வேண்டுதலைப் பாதியில் விடக்கூடாது. கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன் இல்லாமல் தொட்டி சும்மா நின்றது. "மீன் இல்லாட்டா என்ன, தண்ணி இருக்கே," என்று அம்மா என்னை அனுப்பினாள். போட்டேன். பாசியும் இல்லை, மீனும் இல்லை, அந்தச் சுத்தமான தண்ணீரில் வெல்லம் கரைவதை முதல்முறையாக நின்று பார்த்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மரு எல்லாம் உதிர்ந்துவிட்டது. மரு தானாக வரும், தானாகப் போகும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அம்மா மட்டும் வேண்டுதல் பலித்தது என்று ஊர் முழுக்கக் கடிதம் எழுதினாள். நீங்களும் என்னோடு கை கோத்து விளையாட ஆரம்பித்தீர்கள். அதே மாதம் கீழ்வீட்டு அண்ணா ஊருக்கு மறுபக்கம் பெஹாலாவில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார். டெம்போவில் சாமான் ஏற்றிவிட்டு, பௌதி கடைசியாக அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். அண்டாவின் வாயைப் புது ஜமக்காளத்தால் மூடியிருந்தாள். நாம் மாடியிலிருந்து பார்த்தோம்.

பன்னிரண்டு வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க பெஹாலாவுக்குப் போனேன். ஆபீஸ்காரர்கள் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று அப்பா பட்டியல் போட்டிருந்தார். இந்த ஒரு வீட்டுக்கு நானே போகிறேன் என்றேன். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவளுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. முன்பக்க அறையில் ஒரு பெரிய தொட்டி. பாசி பிடித்த ஒரு மரக்கட்டைமேல் என் முழங்கை நீளத்துக்கு அது படுத்திருந்தது. புள்ளிகள் பெரிதாகியிருந்தன. வயிறு நிறைந்திருந்தது.

"அதேவா?" என்றேன்.

"அதேதான்," என்றாள். தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டாள். டீ கொடுத்தாள். பிறகு சாதாரணமாக என் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"எல்லாம் போயிடுச்சே. வெல்லம் நல்லா வேலை செஞ்சிருக்கு."

பஸ்ஸில் தயார் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நீங்க ஏன் அன்னிக்குச் சொல்லலை?" என்று கேட்டேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லைதான், ஆனால் அதுதான் வாயில் வந்தது.

"நான் சொன்னா யார் நம்புவாங்க? சின்னப் பொண்ணு மேலே பழி போடறான்னு சொல்லுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க." டீ கப்பை எடுத்துக்கொண்டே, "நீ சொல்லுவேன்னு நின்னேன்," என்றாள்.

மீனுக்கு வேளை ஆகிவிட்டது என்று எழுந்து, வெள்ளரிக்காயை வில்லையாக நறுக்கி, ஸ்பூனில் கட்டினாள். நான் பழைய ஞாபகத்தில் கையை நீட்டினேன். அவள் என் கையில் படாமல் சுற்றிக்கொண்டு போய்த் தானே போட்டாள். "இது வேறே யார் கையிலேயும் வாங்காது," என்றாள், மீனைப் பார்த்தபடியே. நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "என்னடி சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அவ என்ன சொல்லுவா? செஞ்சவ அவதானே," என்று சொல்லிவிட்டு, பூக்காரிக்குச் சொன்னாயா என்று கேட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். சாகும்வரை நம்பினாள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் சிரிப்புப் பொம்மையை அமுக்கியது, நான் அவளை விட்டுக்கொடுத்த மூன்றாவது முறை. அதை எடுத்துவிட்டேன். இப்போது உங்கள் கணக்கில் பதினெட்டுதான் இருக்கும். பௌதி இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பெஹாலாவில் அந்த வீட்டு எண்ணுக்குப் போன் செய்து பார்த்தேன், வேறு யாரோ எடுக்கிறார்கள். அன்று ஹாலில் இருந்தவர்களில் மிச்சம் இருப்பது நாம் மட்டும்தான், அதனால் உங்களிடமே சொல்கிறேன். அன்று கேட்டார்களே, தொட்டியில் போட்டதைப் பார்த்தாயா என்று. பார்த்தேன். பௌதி கீரை போட்டாள். வெல்லம் போட்டது நான்.